நாடி தணிந்தால் நோய் தணிந்ததாகுமா?

கை பிடித்து நாடி பார்ப்பது நம்மவர்க்குப் புதிய கலையன்று. மணிக்கட்டிலே மூன்று விரல் வைத்துப் பாராத பரியாரியைப் பரியாரியென்றே நம் மூதாட்டியர் ஒப்புக்கொண்டதில்லை. இன்றோ, விரல் நுனியில் மாட்டும் சிறு கருவி நாடியின் எண்ணிக்கையை ஒரு கணத்திற் காட்டிவிடுகின்றது. எண்ணிக்கை தெரிகின்றது, ஆனால் நாடியின் நடை தெரிவதில்லை. அந்நடையிலேயே தன்னை வெளிப்படுத்தும் ஒரு நோயைப் பற்றியும், அந்நோயாளர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும்போது செய்யவேண்டியது யாது என்பது பற்றியும், இவ்விழா மலரிலே எமது கருத்தைக் கூற விழைகின்றோம்.

நாம் கூறவந்தது ஏற்றியல் பிபிரிலேசன் என்று வைத்தியர் வழங்கும் நோயை. தமிழிலே சோணையறை நடுக்கம் எனலாம். காரைதீவிலே 1892 ஆம் ஆண்டு பிறந்து, விஞ்ஞானம் பயின்று, 1930களிற் சென்னையிலே கலைச்சொல்லாக்க முயற்சியில் முன்னின்ற சுவாமி விபுலானந்தரின் மண்ணைப் பற்றி எழுதும்போது, நோயின் பெயரைத் தமிழிற் சொல்லத் தயங்குவது அழகன்று. இதயத்தின் மேலறைகள் இரண்டும் சோணையறைகள். அவை ஒரு முறை சுருங்கி இரத்தத்தைக் கீழறைகளுக்குத் தள்ள, கீழறைகள் அதனை உடலெங்கும் செலுத்துகின்றன. இந்நோயிலே சோணையறைகள் சுருங்குவதில்லை. வாடைக் காற்றில் வாவியின் நீர்ப்பரப்பு நடுங்குவதுபோல, நிமிடத்துக்கு 350 தொடக்கம் 600 தடவை வரை வெறுமனே நடுங்குகின்றன. அந்நடுக்கத்தில் ஒரு பகுதியே, காலவொழுங்கு எதுவுமின்றி, கீழறைகளை வந்தடைகின்றது. ஆதலின் நாடி விரைவாயும், எவ்வித ஒழுங்குக்கும் உட்படாததாயும் ஓடுகின்றது. இடையிடையே ஒரு துடிப்புத் தவறும் நாடி வேறு; இதிலே அடுத்த துடிப்பு எப்போது வருமென்று எவராலும் எதிர்பார்க்க முடியாது.

இந்நாடியை முன்னோரும் அறிந்திருந்தனர். 1785 ஆம் ஆண்டிலே இங்கிலாந்து வைத்தியர் வில்லியம் விதரிங், ஒரு மூதாட்டியின் குடும்ப மருந்திலிருந்து தாம் அறிந்த ஒரு செடியைப் பற்றி நூல் எழுதினார். அதன் வழிவந்த டிஜொக்சின் இன்றும் இந்நோயில் நாடியைத் தணிக்கப் பயன்படுகின்றது. 1906 ஆம் ஆண்டில் ஒல்லாந்தரான ஐந்தோவன் இதயத்தின் மின்வரைபிலே இவ்வொழுங்கின்மையைப் பதிந்து வெளியிட்டார். 1909 ஆம் ஆண்டில் தோமஸ் லூயிஸ் இது மிகப் பரவலாகக் காணப்படும் நோயென நிலைநாட்டினார். நோய் பழையது, அறிவும் புதியதன்று. குறை எங்கே என்பதைத்தான் நாம் ஆராயவேண்டும்.

பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என நீண்டு செல்லும் அம்பாறைக் கரையை அறியாதார் நம்முள் அரியர். முஸ்லிம் ஊர்கள் பலவும் தமிழ் ஊர்கள் சிலவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும் கரை இது. கல்முனை நகரிலே, 2000 ஆம் ஆண்டில் மறைந்த அமைச்சர் எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் பெயர் தாங்கிய ஞாபகார்த்த வைத்தியசாலை ஒன்று. நகரின் வடபால் மற்றோர் ஆதார வைத்தியசாலை. நிந்தவூரிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. இவற்றிலும் பெரிதான மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை கல்முனைக்கு வடக்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. ஆதலின் இக்கரையில் நள்ளிரவில் நெஞ்சு படபடத்து மூச்சு வாங்குபவர் முதலில் வந்து சேருமிடம் ஊரிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவே. அங்கே எடுக்கப்படும் முடிவு அவருடைய எஞ்சிய வாழ்நாளையே தீர்மானிக்கக்கூடும். நோய்க்குச் சாதியுமில்லை, சமயமுமில்லை. இந்துக் கல்லூரியின் மலரிலே முஸ்லிம் ஊர்களின் வைத்தியம் பற்றி எழுதுவானேன் என்று எவரும் வினவார் என்பது எமது நம்பிக்கை.

அவசரப் பிரிவுக்கு வரும் இந்நோயாளர் எல்லாரும் ஒரு தன்மையர் அல்லர். வாப்பாவுக்கு நெஞ்சு துள்ளுகிறது என்று மகன் அழைத்துவரும் முதியவர் ஒருவர். பல நாள் வாய்வுக் கோளாறென்று எண்ணி இஞ்சியும் உள்ளியும் அருந்தியிருந்துவிட்டுக் கால் வீங்கிய பின் வரும் தாய் ஒருவர். காய்ச்சலுக்கு வந்தவரின் நாடியிலே தற்செயலாக நோய் வெளிப்படுவதும் உண்டு. எல்லாவற்றிலும் கொடியது, ஒரு கையும் காலும் விழுந்து, வாய் கோணி, பேச்சிழந்து பாரிசவாதத்துடன் வருபவரிடத்திலே இந்நோய் முதன்முறையாகக் கண்டறியப்படுவதாகும். காலங்கடந்த கண்டுபிடிப்பு அது.

முதலில் வைத்தியர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இந்நாடியினால் இவர் உயிர் இப்பொழுதே ஆபத்தில் உள்ளதா? இரத்த அழுத்தம் வீழ்ந்து, அறிவு மயங்கி, நெஞ்சு கடுமையாக நொந்து, அல்லது நுரையீரலிலே நீர் கோத்து மூச்சுத் திணறி இருப்பாராயின், மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. மயக்க மருந்து கொடுத்து, இதயத்துடிப்போடு இசைவித்த மின்னதிர்ச்சியால் இதயத்தை ஒழுங்குக்குக் கொணரல் வேண்டும். 1962 ஆம் ஆண்டிலே பேர்னாட் லோன் என்னும் அமெரிக்க வைத்தியர் வகுத்த முறை இது. இந்நிலையில் நோயாளரை வீட்டிலிருந்து கொண்டுவருவோர் வாகனம் தேடி அலைதலினும், 2016 ஆம் ஆண்டு தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை 1990 என்னும் இலக்கத்தில் அழைப்பது மேலானது. அதற்குக் கட்டணமில்லை.

எனினும் இவ்வாறு வருவோர் சிலரே. பெரும்பாலார் நடந்தே வருவர். அவரிடத்து அவசரப்படுதலே தவறாகும். நாடி 140 என்று கண்டவுடன் அதனைக் குறைக்கும் ஊசியை நாடுமுன், நாடி ஏன் விரைகின்றது என்று கேட்டல் வேண்டும். நிமோனியாக் காய்ச்சலோ, இரத்தப் போக்கோ, நீர்வற்றலோ, தைரொயிட் சுரப்பியின் மிகையோ இதயத்தை விரட்டிக்கொண்டிருக்குமாயின், காரணத்துக்கே முதலில் மருந்து வேண்டும். வேறு காரணம் இல்லையாயின், பீற்றாத் தடுப்பு மருந்துகள், டில்தியசெம், வெரபமில், டிஜொக்சின் என்பவற்றுள் ஆளுக்கேற்றதைத் தெரிதல் வேண்டும். ஈளை நோயுள்ளவர்க்குப் பீற்றாத் தடுப்பு மருந்தைக் கொடுப்பதில் எச்சரிக்கை தேவை; இதயத்தின் ஆற்றல் குன்றியவர்க்கு டில்தியசெமும் வெரபமிலும் தீங்கு செய்யும். பிறவியிலேயே இதயத்தில் மேலதிக மின்வழி உள்ள சிலர்க்கு இந்நோய் வரும்போது, நாடியைத் தணிக்கும் இம்மருந்துகளே உயிருக்கு உலையாகக்கூடும். அத்தகையோரை மின்வரைபைக் கூர்ந்து நோக்கினால் அறியலாம். நாடியை 110க்குக் கீழே கொணர்ந்தாற் பெரும்பாலார்க்கு அதுவே போதுமென 2010 ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டு ஆய்வொன்று காட்டியது.

நாடியைத் தணித்தலோடு நில்லாது, நடுக்கத்தை நிறுத்தி இதயத்தை உடனே ஒழுங்குக்குத் திருப்ப வேண்டாவா என்று சிலர் வினவுவர். 2019 ஆம் ஆண்டில் வெளியான, அதே நாட்டு மற்றோர் ஆய்வு இதற்கு விடை கூறுகின்றது. நோய் தொடங்கி 36 மணி நேரத்துக்குள் வந்த 437 நோயாளரிற் பாதிப்பேர்க்கு உடனடியாக ஒழுங்கைத் திருப்பினர். மற்றையோர்க்கு நாடியை மட்டும் தணித்துக் காத்திருந்தனர். காத்திருந்தோரில் நூற்றுக்கு 69 பேரின் இதயம் 48 மணி நேரத்துக்குள் தானாகவே ஒழுங்குக்குத் திரும்பியது. நான்கு வாரங்களின் பின் இரு சாராரும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தனர். பெரிய கருவிகளும் நிபுணர்களும் எந்நேரமும் கிடையாத ஊர் வைத்தியசாலைகளுக்கு இது நல்ல செய்தியன்றோ? மேலும், நோய் எப்போது தொடங்கியதென்று தெரியாத ஒருவரின் இதயத்தை அவசரமின்றித் திருப்புதல் ஆபத்தானது. 48 மணி நேரம் என்று முன்னர் வகுத்த எல்லையை ஐரோப்பிய இதயவியலாளர் 2024 ஆம் ஆண்டில் 24 மணி நேரமாகக் குறுக்கியுள்ளனர். அவ்வெல்லை கடந்தவர், குறைந்தது மூன்று வாரம் இரத்தம் உறைதலைத் தடுக்கும் மருந்தை உட்கொண்ட பின்னரோ, உள்ளே உறைகட்டி இல்லையென்று உணவுக்குழாய் வழியாகப் பார்த்த பின்னரோதான் திருப்பப்படல் வேண்டும்.

ஈண்டே நாம் வற்புறுத்த வந்த பொருளுக்கு வருகின்றோம். இந்நோயில் ஆளை வீழ்த்துவது பெரும்பாலும் விரைந்த நாடியன்று, உறைந்த இரத்தமே. நடுங்குகின்ற சோணையறையிலே இரத்தம் தேங்குகின்றது. இடது சோணையறையின் ஓரத்திலுள்ள சிறு பையிலே அது உறைந்து கட்டியாகின்றது. அக்கட்டி ஒருநாள் புறப்பட்டு மூளையின் நாளமொன்றை அடைத்துவிட, நேற்றுவரை வயலுக்கும் கடைக்கும் சென்றுவந்தவர் இன்று படுக்கையிற் கிடக்கின்றார். அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் நகர மக்களைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்தோர், இந்நோயுள்ளவர்க்குப் பாரிசவாதம் வரும் வாய்ப்பு மற்றையோரிலும் ஏறத்தாழ ஐந்து மடங்கென்றும், வாதக் காய்ச்சலால் இதயவால்வு பழுதானவர்க்கு 17 மடங்கென்றும் 1978 ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினர். இரத்தம் உறைதலைத் தடுக்கும் வார்பரின் குளிசையோ அவ்வபாயத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் குறைக்கின்றது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் உலகெங்கும் நிகழும் தவறு ஒன்றுண்டு. நோயாளர் வருகின்றார், நாடி 150. ஊசி ஏற்றப்படுகின்றது, நாடி 90 ஆகின்றது. நோயாளர் முகம் தெளிகின்றது, உறவினர் மகிழ்கின்றனர், கட்டிலுக்கு அடுத்தவர் காத்திருக்கின்றார். நாடியைத் தணிக்கும் குளிசைகளோடு அவர் வீடு செல்கின்றார். உறைதலைத் தடுக்கும் மருந்து வேண்டுமா, வேண்டாவா என்ற கேள்வி கேட்கப்படவே இல்லை. படபடப்பு நின்றதால் அவரும் மீண்டும் வருவதில்லை. இது எந்த ஒரு வைத்தியசாலையையும் சுட்டிக் கூறும் குறையன்று. நெரிசல் மிகுந்த அவசரப் பிரிவு எங்கும் நேரக்கூடியது. ஆயினும் நாடியைத் தணித்து, உறைகட்டியை மறந்து அனுப்புவது பாதி வைத்தியமே என்பது எமது உறுதியான கருத்து.

இதற்கு மறுப்புரைப்போர் கூறுவனவற்றையும் நாம் அறிவோம். இது கிளினிக்கிலே ஆறுதலாக ஆராயவேண்டிய விடயம், அவசரப் பிரிவுக்குரியதன்று என்பது ஒன்று. கிளினிக்குக்கு அவர் வருவாரென்பது உறுதியாயின் நாமும் உடன்படுவோம். வருகின்றவர் எத்தனை பேர், வராமலே பாரிசவாதத்தோடு திரும்புகின்றவர் எத்தனை பேர் என்பதை அவசரப் பிரிவிற் பணிபுரிவோரே நன்கறிவர். முடிவைத் தொடங்கும் இடம் நோயாளர் நிற்கும் இடமாகவே இருத்தல் வேண்டும். இரத்தம் கசியும் என்ற அச்சம் மற்றொன்று. அவ்வச்சம் பொய்யன்று; ஆயினும் கசிவுக்கு ஏதுவான உயர் இரத்த அழுத்தத்தையும், தேவையற்ற நோவுக் குளிசைகளையும், வயிற்றுப் புண்ணையும் திருத்தலாம்; மூளையில் அடைபட்டு மாண்ட பகுதியைத் திருத்த முடியாது. அஸ்பிரின் கொடுத்தாற் போதாதா என்பாரும் உளர். போதாது. இந்நோயிலே அதன் காப்புச் சிறிது, கசிவோ உண்டு.

யார்க்கு வேண்டும், யார்க்கு வேண்டா என்பதை அறிய நுண்ணிய சோதனைகள் தேவையில்லை. வயது 65 கடந்ததா, 75 கடந்ததா, இரத்த அழுத்தம் உண்டா, நீரிழிவு உண்டா, இதயம் பலவீனமுற்றதா, முன்னர் மாரடைப்போ பாரிசவாதமோ வந்ததா எனச் சில கேள்விகள் கேட்டுப் புள்ளியிட்டால் முடிவு தெரிந்துவிடும். முன்னர் பாரிசவாதம் வந்தவர்க்கும் 75 கடந்தவர்க்கும் புள்ளி இரட்டிப்பாகும். எழுதுவதற்கு இரண்டு நிமிடம் போதும்.

ஒரு கூட்டத்தார்க்கு அப்புள்ளிகளும் வேண்டியதில்லை. சிறுவயதில் வந்த தொண்டை நோவையும் அதன்பின் வந்த வாதக் காய்ச்சலையும் அறியாமல் வளர்ந்து, இதயவால்வு ஒடுங்கிய இளந்தாய்மாரே அவர். நமது நாட்டில் இந்நோய் இன்னும் முற்றாக மறையவில்லை. பேறுகாலத்திலே மூச்சு வாங்குவதைக் கருவுற்றோர்க்கு இயல்பென்று தள்ளிவிடாது நாடியையும் நெஞ்சொலியையும் நோக்கல் வேண்டும். இத்தகைய வால்வு நோயுடையார்க்கு வார்பரினே தக்கது. 2022 ஆம் ஆண்டில் வெளியான, பல நாடுகளைச் சேர்ந்த 4,500க்கு மேற்பட்ட நோயாளரைக் கொண்ட ஆய்வொன்றில், வாதக் காய்ச்சலால் வந்த இந்நோய்க்குப் புதிய மருந்தாகிய றிவரொக்சபனிலும் வார்பரின் வகை மருந்தே மேலானதாகக் காணப்பட்டது. ஆயினும் கருவின் தொடக்க மாதங்களில் வார்பரின் குழந்தைக்கு ஊறு செய்யக்கூடும். ஆதலின் அதனை உட்கொள்ளும் பெண்கள் கருவுற எண்ணும்போதே வைத்தியரைக் காணல் வேண்டும்.

மருந்தை எழுதிக்கொடுத்தலோடும் கடமை முடிவதில்லை. அது ஊரின் வாழ்க்கையோடு இசையவேண்டும். நோன்பு மாதத்திலே 13 மணி நேரத்துக்கு மேல் நீரும் அருந்தாதிருப்போர் பலர். பகலில் மருந்துண்ண இயலாதென்று குளிசையை ஒரு மாதம் நிறுத்திவிட்டால் அம்மாதமே ஆபத்தாக முடியலாம். நாளுக்கு ஒருமுறை உண்ணும் வார்பரினை நோன்பு திறந்தபின் உண்ணலாம். இருமுறை உண்ணும் மருந்துகளை ஸஹருக்கும் நோன்பு திறப்புக்கும் வகுத்துக்கொள்ளலாம். ஆயினும் இதயம் பலவீனமுற்றவர் நோன்பு நோற்கலாமா என்பதை மாதம் பிறக்குமுன்பே வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். கந்தசஷ்டி விரதம் காக்கும் நம்மவர்க்கும் இவ்வறிவுரை பொருந்தும். முருங்கையிலையும் வல்லாரையும் பொன்னாங்காணியும் வார்பரினின் வேகத்தைக் குறைக்கும் என்பதற்காகக் கீரையை அடியோடு விலக்க வேண்டியதில்லை. உண்ணும் அளவை ஒரு சீராக வைத்துக்கொண்டால் மருந்தின் அளவை அதற்கேற்ப அமைக்கலாம். மூட்டு நோவுக்குக் கடையிலே தாமாக வாங்கியுண்ணும் குளிசைகளே பேராபத்து. டெங்குக் காய்ச்சல் பரவும் காலத்தில், இம்மருந்து உண்போர் காய்ச்சல் கண்ட அன்றே வைத்தியசாலைக்குச் சென்று தாம் உண்ணும் மருந்தின் பெயரைச் சொல்லுதல் வேண்டும்.

ஆகவே நாம் வேண்டுவது பெருஞ்செலவான திட்டமன்று. ஒரு கடதாசித் துண்டு. அவசரப் பிரிவை விட்டு இந்நோயாளர் செல்லும்போது அவர் கையிலே நான்கு வரி எழுதிய அட்டை இருத்தல் வேண்டும். நோயின் பெயர்; உறைதலைத் தடுக்கும் மருந்து வேண்டுமா, வேண்டாவா, ஏன்; கொடுத்த மருந்தும் அளவும்; அடுத்த கிளினிக்கின் இடமும் நாளும். அவை தமிழிலேயே எழுதப்படல் வேண்டும். நடுக்கத்தைக் காட்டும் மின்வரைபின் பிரதி ஒன்றும் அதனோடு இணைக்கப்படல் வேண்டும். ஏனெனில் இந்நோய் வந்துவந்து மறைவது. மறுநாள் நாடி ஒழுங்காயிருக்கும்போது முதல்நாள் வரைபன்றி வேறு சாட்சி இல்லை. இன்று ஒரு வைத்தியசாலை, நாளை தனியார் மருத்துவ நிலையம், மறுவாரம் மட்டக்களப்பு, அடுத்த மாதம் கொழும்பிலுள்ள மகன் வீடு என்று நம்மவர் அலைகின்றனர். அட்டை அவரோடு அலையுமாயின் அடுத்த வைத்தியர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

இம்மலரைப் படிப்போர் பழைய மாணவர் ஆதலின் இன்னுமொரு செய்தியைக் கூறி முடிக்கின்றோம். வார்பரின் என்னும் பெயர் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துப் பழைய மாணவர் சிலர், தம் கலைக்கூடத்தின் ஆராய்ச்சிக்கு உதவவென்று 1925 ஆம் ஆண்டில் ஓர் அறநிலையம் அமைத்தனர். 1933 ஆம் ஆண்டின் பனிக்காலத்திலே, தம் மாடுகள் இரத்தம் கசிந்து மாளக்கண்ட குடியானவர் ஒருவர், உறையாத இரத்தத்தைப் பாற்பாத்திரமொன்றிற் சுமந்து அப்பல்கலைக்கழகத்தை அடைந்தார். கார்ள் லிங்க் என்னும் பேராசிரியர் அதன் காரணத்தைத் தேடினார். அத்தேடலின் பயனாகப் பிறந்த மருந்துக்கு, துணைநின்ற பழைய மாணவர் நிலையத்தின் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்துப் பெயரிட்டனர். முதலில் எலி மருந்தாக விற்கப்பட்ட அது, 1954 ஆம் ஆண்டில் மனிதர்க்குரிய மருந்தாக ஏற்கப்பட்டு, இன்றும் உலகெங்கும் உயிர் காக்கின்றது. பழைய மாணவர் சங்கமொன்றின் பெயரை நோயாளர் நாள்தோறும் தம் வாயில் இடுகின்றனர் என்பது நினைக்க இனிப்பதொன்று.

நம் சங்கம் அத்துணைப் பெரிய காரியத்தை ஆற்றவேண்டுமென்று நாம் கேட்கவில்லை. நம் கல்லூரியிற் பயின்று வைத்தியராயும் தாதியராயும் மருந்தாளராயும் இக்கரையிற் பணிபுரிவோர் அவ்வட்டையை வழக்கத்துக்குக் கொணரட்டும். அச்சிடும் செலவைச் சங்கம் ஏற்கட்டும். ஆண்டுக்கொருமுறை பள்ளிவாசல் முன்றிலிலும் கோயில் வீதியிலும் 65 வயது கடந்தோரின் மணிக்கட்டிலே விரல் வைத்து அரை நிமிடம் நாடி பார்ப்போம். நடை பிசகியதாகத் தோன்றுவோரை மின்வரைபுக்கு அனுப்புவோம். நம்முள்ளும் பலர் அவ்வயதை எட்டிவிட்டோம். முதலில் நம் மணிக்கட்டிலிருந்தே தொடங்கலாம். நாடி தணிந்ததும் நோய் தணிந்ததென்று வீடு செல்லும் ஒருவரேனும், உறைகட்டி பற்றிய கேள்வியைக் கேட்டு, விடையை எழுதி வாங்கிச் செல்வாராயின், இதனை எழுதியதன் பயன் எய்தியோராவோம்.